ஓநாய்

மூன்றாம் எண் ஊதுலையைப் பக்குவமாய் அணைக்க
பதினோரு நாள் வேண்டும்.
பாரிஸிலிருந்து வந்த தாள் இரண்டு நாள் தந்தது.

உருகியதில் பாதி வடிந்தது.
மீதி அடிவயிற்றிலேயே உறைந்துபோனது.
லொரேனில் அதற்கு ஓநாய் என்று பெயர்.
ஏன் என்று நான் கேட்டதில்லை.
பார்த்தால் கேட்கத் தோன்றாது.

வெல்ராஞ்சில் கொடி மாறியிருக்கிறது,
சம்பளச் சீட்டின் மொழி இரண்டு முறை மாறியிருக்கிறது.
தாது மட்டும் மாறவில்லை:
முப்பது பங்கு இரும்பு, மற்றதெல்லாம் பிடிவாதம்.
அதை நம்பித்தான் ஃபிரியூலியிலிருந்து பெர்தோலீசி வந்தார்,
கபீலியாவிலிருந்து அரெஸ்கி.
காவ்லிக் சகோதரர்கள் ஒரே ஜோடி பூட்ஸோடு வந்து
ஷிஃப்டு மாறும்போது கால் மாற்றிக்கொண்டார்கள்.
எத்தனை சோப்பு போட்டாலும்
எல்லாக் காதுமடலிலும் ஒரே செங்காவி.

நான் எடைமேடையில் இருந்தவள்.
முப்பத்தொரு வருட டன்கள் என் கையெழுத்தில்.

இடிக்க வந்தவர்கள் ஒரே காலையில் புகைபோக்கியைச் சாய்த்தார்கள்.
ஓநாய் அசையவில்லை.
ஆக்ஸிஜன் ஈட்டியால் மூன்று வாரம் குத்தினார்கள்.
வெடி வைத்தார்கள்; மேயர் வீட்டு ஜன்னல் உடைந்தது.
நானூறு டன் இருக்கும் என்று எழுதிவிட்டுப் போனார்கள்.
எடை போடாமல் சொன்ன எண்.
நான் ஒப்புக்கொள்ளவில்லை.

பிறகு சுரங்கத்துப் பம்புகளை நிறுத்தினார்கள்.
கீழே இருட்டுக்குள் தண்ணீர் ஏறியது.
ஒதீல் மார்ஷலின் சமையலறைச் சுவரில்
ரொட்டிக் கத்தி நுழையும் அகலத்துக்கு விரிசல்.
அவள் நுழைத்துக் காட்டினாள். பிடிவரை போனது.
ஈஸ்டருக்குள் தெருவே ஒரு பக்கம் சாய்ந்தது.

அளக்க வந்த நிபுணர் இளைஞன், பெயர் தெர்ரி.
அசையாத ஒரு புள்ளி வேண்டும் என்றான்.
தேவாலயப் படியைக் காட்டினோம். அது இறங்குகிறது.
போர் நினைவுக்கல்லும்தான்.
பழைய வரைபடத்தை விரித்தான்,
வெகுநேரம் பேசவில்லை.
எங்கள் படுக்கைகளுக்கு அடியில்,
பள்ளிக்கூடத்துக்கு அடியில்,
கல்லறைகளுக்கும் அடியில் தோண்டியிருந்த கம்பெனி
தன் உலைக்கு அடியில் மட்டும்
ஒரு கூடை மண் எடுக்கவில்லை.

ஓநாயின் முதுகில் ஆணி இறங்காது.
பசைபோட்டு ஒரு பித்தளைக் குமிழை ஒட்டினான்.
அங்கிருந்துதான் இப்போது எங்கள் சரிவை அளக்கிறார்கள்.

போன செவ்வாய்: ஒதீல் வீடு, ஒன்பது மில்லிமீட்டர்.
தெர்ரி சொல்லச் சொல்ல நான் எழுதிக்கொண்டேன்.
யாரும் கேட்கவில்லை.
கை தானாகவே கூட்டல் கோடு இழுத்தது.