பதினேழு மீட்டர்

நவம்பர். ஊலுவில் மூன்று மணிக்கே இருட்டிவிடும்.
ஆண்டுக் கடைசி விருந்துக்குப் பதிலாக
கம்பெனி இந்த முறை ஆறு கூப்பன் கொடுத்தது.
டயர் கிடங்காக இருந்த இடம்.
கறுப்புப் பெயிண்ட் அடித்தும் ரப்பர் வாசனை போகவில்லை.

நாங்கள் ஆறு பேரும் பஸ் ஓட்டுகிறவர்கள்.
எதிரெதிரே கடக்கும்போது ஸ்டியரிங்கிலிருந்து
ஒரு விரல் தூக்குவோம், அவ்வளவுதான் பழக்கம்.
சேர்ந்து நடந்ததே இல்லை.

அங்கே வேலை பார்க்கும் பையன்
யோர்மாவின் வயிற்றைச் சுற்றிப் பட்டை கட்ட
கடைசித் துளையைத் தேடிக்கொண்டே சொன்னான்:
குனியலாம், ஒளியலாம், ஓடக்கூடாது.
எங்களிடமா சொல்கிறாய், என்றாள் ஸீர்பா.
நாற்பதைத் தாண்டினாலே
பயணிகள் புகார் எழுதிவிடுவார்கள்.

ஹெல்மெட் இறங்கியது.
கிடங்கு போய் எரிமலை வந்தது.
யோர்மாவுக்கு இடுப்பு கிடைத்தது, ரைமோவுக்குத் தலைமுடி.
எல்லோருக்கும் ஒரே கவசம்.
தலைக்கு மேல் மிதக்கும் பெயர் மட்டும் வேறு வேறு.
ஹில்க்கா பெயர் கொடுக்கவில்லை,
இருபத்தொன்று என்று தன் தடத்தின் எண்ணைப் போட்டிருந்தாள்.

ரைமோவோடு அவள் பேசி இரண்டு வருடம்.
வேலைநிறுத்தத்தின் நாலாம் நாள் அவன் வண்டியை எடுத்தான்.
ஏன் என்று அவனும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.
ஓய்வறைக்குள் அவன் நுழைந்தால்
அவள் கோப்பை கழுவப் போய்விடுவாள்.
அவ்வளவு சுத்தமான கோப்பை
பின்லாந்திலேயே இல்லை.

ஏழாவது நிமிடம். புகைக்குள்ளிருந்து வௌவால்கள்.
நான் துப்பாக்கியைத் தூக்கினேன்,
எல்லாம் அப்படியே நின்றது,
நெருப்பு, தூசி, வௌவாலின் திறந்த வாய்.
பிறகு நீலம். பிறகு அதுவும் இல்லை.

கழற்றினேன்.

சாம்பல் நிறக் கம்பளம். கூரையில் கேமராக்கள்.
ஐந்து நடுவயதுக்காரர்கள்
எனக்கு நாலடி தள்ளி
ஒன்றுமில்லாத ஓரிடத்தைச் சுற்றி
முதுகு காட்டி நின்றார்கள்.
அங்கேதான் நான் உறைந்திருக்கிறேன் போல.
விட்டுட்டுப் போகலாம், நேரம் ஓடுது, என்றாள் ஸீர்பா.
ஆள் ஏறாமல் கதவைச் சாத்துவியா நீ, என்றான் யோர்மா.

என் பொய்யைக் காக்கிறார்கள்.
மெய் பக்கத்தில் நிற்கிறது, வியர்த்துக்கொண்டு.
வேயினோ என் வழியாகச் சுட்டான்.
இரண்டு முறை.

கடைசியில் யோர்மா அந்த வெற்றிடத்தின் தோளைத் தட்டினான்.
கை காற்றில் இறங்கியது. போனார்கள்.
மாற்று ஹெல்மெட்டோடு பையன் வந்தான்.
உதட்டில் விரல் வைத்து நிறுத்தினேன்,

ஏனென்றால் அவர்கள் பாலத்துக்கு வந்திருந்தார்கள்.
எனக்குக் கம்பளத்தில் ஒரு வெள்ளைக் கோடு.
அவர்களுக்கு என்ன ஆழமோ.
பாதியில் ஹில்க்கா நின்றுவிட்டாள்.
பனியில் சறுக்கிய பதினெட்டு மீட்டர் வண்டியை
முகம் மாறாமல் நிறுத்தியவள்,
முழங்கால் உதற நின்றாள்.
யாராவது, என்றாள்.

ரைமோ கையை நீட்டினான்.
மேலே பெயர் மிதந்திருக்கும், பெரிய எழுத்தில்.
படித்திருப்பாள்.
பிடித்தாள்.

அவன் பின்னோக்கி நடந்தான், பாண்ட் தையல் பிரிந்திருப்பது தெரியாமல்.
அடி மேல் அடியாக, தட்டைத் தரையில்,
விழ இடமே இல்லாத ஓரிடத்தில்
இரண்டு பேர் விழாமல் வந்தார்கள்.
கோடு முடிந்த பிறகும் நாலைந்து எட்டு
அப்படியே போனார்கள்.
அங்கே இன்னொரு பாலம் இருந்திருக்கலாம்.
எனக்குத் தெரியாது.

வெளியே, நெற்றியில் பட்டைத் தடத்தோடு
திரையில் மதிப்பெண் பார்த்தோம். வேயினோ முதல்.
எனக்குப் பூஜ்யம். நடந்த தூரம் பதினேழு மீட்டர்.
பாவம், நீ எதையும் பார்க்கவில்லையே, என்றாள் ஹில்க்கா.
ரைமோ குனிந்து ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தான்,
ரொம்ப நேரமாக.
இல்லை, என்றேன்.

அவள் எல்லோருக்கும் காப்பி வாங்கி வந்தாள்.
காகிதக் கோப்பைகள்.
கழுவ வேண்டியதில்லை.