நேரடிப் பயன்

கொள்முதல் நிலையத்தில் தூற்றும் மெஷின் நின்றபிறகுதான்
வைரக்கண்ணு பேச வந்தார்.
புருவமெல்லாம் நெல் சுணை.
இருபத்தேழு வருஷமாய் மூட்டை தூக்குகிறார்,
ஒருநாளும் இழுத்ததில்லை.
இழுப்பு மகளுக்கு.
தையல்நாயகி, நாலாம் வகுப்பு.
அறுப்பு தொடங்கினால்
மன்னார்குடி ஆஸ்பத்திரி பெஞ்சில்
நெபுலைசரோடு உட்கார்ந்தபடியே தூங்குவாள்.

ஒப்புதல் படிவத்தை விரல்வைத்துப் படித்தார்:
‘இந்த ஆய்வினால் தங்களுக்கு
நேரடிப் பயன் எதுவும் இல்லை.’
இன்னொரு தடவை படித்தார்.
அந்த வரியைத் தமிழாக்கியது நான்தான்,
பல்கலைக்கழகத்தில் சேர்ந்த முதல் வாரத்தில்.
‘நேரடி’ என்ற சொல்லுக்காக
பேராசிரியரோடு அரைமணி நேரம் மல்லுக்கட்டினேன்.

“நோவு அவளுக்கு. என் ரத்தம் எதுக்கு?”
“உங்களுக்கு ஏன் வரலைன்னு பார்க்கணும்.”
சிரித்துவிட்டார். யாரும் கேட்டதில்லை போல.
சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டினார்,
நரம்பு உடனே கிடைத்தது.
“அந்த வராததுல கொஞ்சம்
புள்ளைக்கு மாத்தி வைக்க முடியுமாம்மா?”

ஊதா மூடிக் குழாயை
எட்டு முறை கவிழ்த்து நிமிர்த்தினேன்.
உறைந்துவிடக் கூடாது.

என் ஒப்பந்தம் ஆடியோடு முடிகிறது.

திருவாரூர் பஸ்ஸில் மடியில் ஐஸ்பெட்டி.
“மீனா? லக்கேஜ் போடணும்” என்றார் கண்டக்டர்.
போட்டுக்கொண்டேன்.
கூத்தாநல்லூருக்கு முன்னால்
அறுப்பு மெஷின் கிளப்பிய தூசி
ஜன்னல் ஜன்னலாய் ஏறியது.
யார் யார் இருமுகிறார்கள்,
யார் சும்மா வெளியே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று
எண்ணிக்கொண்டே வந்தேன்.