தூக்கு

மூன்று நாளாய்க் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தேன்.
எவர்சில்வர் தூக்கு. ஒரு படி பிடிக்கும்.
வந்த பாத்திரத்தை வெறுமையாய்த் திருப்பக் கூடாது,
ஒரு பிடி சர்க்கரையாவது, நாலு கல் உப்பாவது.
எதைப் போட்டுக் கொடுப்பது
இந்தப் பாத்திரத்தில், அந்த வீட்டுக்கு?

மாதேசன் என் புருஷன்.
சந்தூர்ப் பக்கம் மாந்தோப்புக் காவல்.
பன்றிக்கும் குரங்குக்குமாய் நாட்டுத்துப்பாக்கி வைத்திருந்தான்.
பெங்களூரா இறக்கிக்கொண்டிருந்த வாரம்
ஜெபவீட்டில் பிள்ளைகளுக்கு விடுமுறை வகுப்பு.
பதினோரு மணிக்கு நடந்து போனான்.
ஒரே வெடி. ரவை சிதறி
இரண்டு பெண்பிள்ளைகள்.
மறுபடி மருந்து கெட்டிக்க நேரம் பிடிக்கும் அதற்கு.
அவ்வளவு நேரமும் என்ன நினைத்தானோ,
அடுத்ததைத் தனக்கு வைத்துக்கொண்டான்.

ஏன் என்று போலீஸ் கேட்டது. டிவிக்காரன் கேட்டான்.
பர்கூரிலிருந்து வந்த என் தம்பி
தோளைப் பிடித்து உலுக்கிக் கேட்டான்.
முந்தின ராத்திரி களி ஆறிப்போச்சு என்றான்,
எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

கிருஷ்ணகிரி பெரியாஸ்பத்திரியிலிருந்து பிணம் வந்தது.
பங்காளிகள் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.
குழி வெட்டுகிறவர் போனை எடுக்கவில்லை.
நேரமாகிறது என்று வண்டிக்காரன் ஹாரன் அடித்தான்,
பிணத்தை வைத்துக்கொண்டு ஹாரன் அடித்தான்.

நாலு மணிக்கு ஜெபவீட்டு ஆட்கள் ஆறு பேர், வெள்ளைச் சட்டையில்.
அடிக்கத்தான் வருகிறார்கள் என்று
பையனை அடுப்படிக்குள் தள்ளித் தாழ் போட்டேன்.
அவர்கள் பாடையில் கை வைத்தார்கள்.
முன்பக்கம், இடது தோள், யோபு.
காலையில்தான் மகளை அடக்கம் பண்ணிவிட்டு வந்தவர்,
அந்த மண் முழங்கையில் அப்படியே.
ஏரிக்கரையில் தோள் மாற்றச் சொன்னார்கள்.
அந்த மனுஷன் மாற்றவில்லை.

பிறகு சனிக்கிழமை தோறும் சலோமி,
அவர் சம்சாரம், கஞ்சியோ குழம்போ எடுத்துக்கொண்டு.
சாபம் விட்டிருந்தால் மடியில் வாங்கிக் கட்டியிருப்பேன்.
மண்ணை வாரித் தூற்றியிருந்தால் குனிந்து நின்றிருப்பேன்.
குனிய எனக்குத் தெரியும்.
இதற்கு எப்படி நிற்பது?

"மன்னிச்சிட்டீங்களா அக்கா?"
ஒருநாள் கேட்டேவிட்டேன்.
என் முறத்தில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.
"நேத்து மன்னிச்சேன்" என்றாள்.
"இன்னிக்கு இன்னும் இல்லை.
விடிகாலை மூணு மணிக்கு முழிப்பு வரும்.
உன் புருஷனை நான் கொல்லுவேன், தினம் ஒரு தினுசா.
அப்புறம் முழங்கால் போடுவேன்.
சில நாள் பொழுது சாயறவரைக்கும் ஆகும்."
காம்பைத் தனியாகக் குவித்துவிட்டு எழுந்து போனாள்.

ஜெபவீட்டை அவர்களே இடித்துவிட்டார்கள்.
ஓடு ஒன்றுகூட விற்கவில்லை.
அந்த இடத்தில் கொள்ளு விதைத்திருக்கிறது.

உயிரோடு இருந்திருந்தால் தூக்குத்தான்
என்கிறார்கள் டீக்கடையில்.
தூக்கு என்றால் எனக்கு இது.
மூடியில் புள்ளி புள்ளியாய்க் கொத்தியிருந்ததை
எழுத்துக்கூட்டி வாசித்தவன் என் பையன்:
யோ. கெத்சியாள். வசனப் போட்டி. முதல் பரிசு.
வாசித்துவிட்டு, என் கிளாஸ்தான் அம்மா என்றான்.

மாம்பழம் வைக்கவில்லை. அந்தத் தோப்பிலிருந்து ஒரு இலைகூட.
இரண்டு நாள் தக்காளி சுமந்த கூலியில்
போச்சம்பள்ளிச் சந்தைக் கேழ்வரகு,
அரைத்துச் சலித்துக் கழுத்துவரை நிரப்பினேன்.
ஏரிக்கரை வழியாய் நடந்தேன்,
அவர் தோள் மாற்றாத இடத்தைத் தாண்டி.

யோபு வெளியே வந்தார்.
என்னைப் பார்த்தார். உள்ளே போய்விட்டார்.
சலோமி கை நீட்டினாள்.
நடுங்கியது யார் கையோ,
மூடி விழுந்து வாசலில் உருண்டு
ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி
சத்தம் அடங்கும்வரைக்கும்
இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.