தெல்மா வீட்டில் ஓரிரவு

ஐம்பது வயதிலிருந்து
இரண்டு வருடத்துக்கு ஒருமுறை தபாலில் வரும்
ஒரு பச்சைக் குச்சி.
எங்கே தொட்டு, எப்படி மூடி, எப்படி அனுப்புவதென்று
படம் போட்டிருப்பார்கள், பிள்ளைகளுக்குப் போல.
இந்த முறையும் அனுப்பினேன்.
தபால்காரர் எர்லண்ட் உறையை எடைபோட்டு
"பிறந்தநாள் வாழ்த்தா, இங்கா?" என்றார்.
ஆமாம் என்றேன்.

இந்த முறை பதில் வேறு.
துளி ரத்தம். பெரும்பாலும் ஒன்றும் இராது.
குழாய் விட்டுப் பார்த்துவிடுவது நல்லது.
அந்தப் 'பெரும்பாலும்'
இரண்டு நாள் என் சமையலறையில்
கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தது.

மருத்துவமனை இருப்பது கிர்க்வாலில்.
எங்கள் தீவிலிருந்து ஒன்றரை மணிநேரக் கப்பல்.
கப்பலில் இரண்டு கழிவறை,
ஒன்றுக்குத் தாழ்ப்பாள் இல்லை.
பேதி மருந்தைக் குடித்துவிட்டு அலைமேல் போவது
ஆகிற காரியமா?
முந்தின நாளே போய்த் தங்கவேண்டும்.
மயக்கம் தெளிந்ததும் கூட்டிப்போக
ஓர் ஆளின் பெயரும் வேண்டும்,
படிவத்தில் கட்டம் போட்டிருக்கிறது.

கிர்க்வாலில் எனக்குத் தெரிந்த வீடு ஒன்றே ஒன்று.
எட்வின் என்னை விட்டுவிட்டுப் போன வீடு.
எட்வின் செத்து நாலு வருடம்.
தெல்மா இருக்கிறாள்.

இருபத்தாறு வருடம் பேசாமல் இருந்துவிட்டு
நான் அவளிடம் பேசிய முதல் வாக்கியம்:
"உன் கழிவறை ஓர் இரவுக்கு வேண்டும்."
அந்தப் பக்கம் கெட்டில் கொதித்து ஓய்ந்தது.
"மஞ்சள் துண்டை எடுத்து வைக்கிறேன்" என்றாள்.

இரண்டு லிட்டர்.
எலுமிச்சைச் சுவை என்று எழுதியிருந்தது.
கடலுக்குள் ஒரு எலுமிச்சை தவறி விழுந்தால்
அடுத்த கரையில் தெரிகிற அளவு எலுமிச்சை.
தெல்மா கோழிச் சாற்றைத் துணியில் வடிகட்டி வைத்தாள்.
அவளும் சாப்பிடவில்லை.
பொரித்த மீன் வாசம் எனக்கு ஆகாதாம்.
கேட்டால், பசியில்லை.

பிறகு ஓட்டம்.
அறைக்கும் கழிவறைக்கும் நடுவே ஒரு நடை,
நடையில் எட்வின் படம்,
மீன்பிடிப் படகில், தொப்பியோடு, பல்லெல்லாம் தெரிய.
ஒவ்வொரு முறையும் அவனைத் தாண்டித்தான் ஓடவேண்டும்.
வயிற்றைப் பிடித்துக்கொண்டு நான்,
சிரித்துக்கொண்டு அவன்.
ஏழாவது முறை போனபோது
படம் சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தது.
"அவனுக்கென்ன வேடிக்கை?"
இருட்டில் எங்கிருந்தோ தெல்மாவின் குரல்.
கழிவறையில் உட்கார்ந்து
கண்ணில் நீர் வரச் சிரித்தேன்.
வெளியே அவளும் சிரித்தாள், கதவில் சாய்ந்து;
கதவு லேசாக ஆடியது.

அப்படியே கதவுக்கு அப்பாலிருந்து சொன்னாள்:
"அவனுக்கும் வந்தது அந்தக் குச்சி.
எல்லாம் முடிந்தபிறகுதான் கண்டுபிடித்தேன்.
மூன்று உறை. பிரிக்கக்கூட இல்லை.
ஸ்பேனர்களுக்கு அடியில்."
நான் தண்ணீர் விட்டேன்.
விடாமலும் இருந்திருக்கலாம்.
சில பேச்சுக்கு அந்தச் சத்தம் தேவையாய் இருந்தது.

விடியற்காலை மூன்றுக்கு
என்னிடமிருந்து போனது வெறும் தெளிந்த நீர்.
இத்தனை சுத்தமாய் நான் இருந்ததே இல்லை.
கோபம்கூடப் போயிருக்கும் என்று தேடிப் பார்த்தேன்.
இருந்தது. மெலிந்திருந்தது, அவ்வளவுதான்.

திரையில் என் குடல்,
இளஞ்சிவப்பாய், ஈரமாய், வளைந்து வளைந்து,
அறுபத்தெட்டு வருடம் ஒருவரும் நடக்காத பாதை.
மருத்துவர் இரண்டு சிறு முளைகளைக் கிள்ளி எடுத்தார்.
பரிசோதனைக்குப் போகும், இரண்டு வாரம் ஆகும்.
தேநீரும் டோஸ்ட்டும் தந்தார்கள்.
அந்த டோஸ்ட்டைப் பற்றி மட்டும்
தனியாக எழுதவேண்டும்.

கூட்டிப்போக வந்தவளிடம் தாதி கேட்டாள்,
"நீங்கள் இவருக்கு என்ன உறவு?"
தெல்மா என்னைப் பார்த்தாள். நான் டோஸ்ட்டைப் பார்த்தேன்.
"கார் வைத்திருப்பவள்" என்று கையெழுத்துப் போட்டாள்.

வழியில் முடிவு பற்றி அவள் கேட்கவில்லை.
துறைமுகம் வந்தது. வண்டி நிற்கவில்லை.
காற்று அதிகமாம், இன்றைக்குக் கப்பல் கிடையாதாம்.
வானத்தைப் பார்த்தேன்.
அப்படியொன்றும் பெரிய காற்றில்லை.
"மஞ்சள் துண்டு இன்னும் காயவில்லை" என்றாள்,
"நீலம் இருக்கிறது."