முப்பத்தெட்டு சென்டிமீட்டர்

நொடி என்றால் விரல் சொடுக்கும் நேரம்.
எனக்கு அது முப்பத்தெட்டு சென்டிமீட்டர் நாடா,
முழத்துக்குக் கொஞ்சம் குறைவு.
பழுப்பு நிறம். ஒரு பக்கம் மட்டும் மினுங்கும்.

தூர்க்கு நகரம், பிப்ரவரி.
உறைந்த ஆற்றின் நடுவே
யாரோ விட்டுப்போன சைக்கிள்.
மார்கரின் ஆலையாக இருந்த எங்கள் ஸ்டூடியோ
ஹீட்டர் சூடேறினால் இன்னும் கொழுப்பு நாறும்.

தூலிக்கி ஹாவிஸ்தோ
மூன்று கோடைகளாகப் பெட்ரோல் பங்க்குகளில்
கேசட்டாகத் தொங்கியவள்.
இப்போது ஒரு படத்துக்கு இசை:
பனியுடைக்கும் கப்பலில் ஒரு சமையல்காரன்,
யாரோடும் பேசாமல் ஒரு குளிர்காலம். அவ்வளவுதான் கதை.

பாட்டு வேண்டாம் என்றார் இயக்குநர் ரைமோ.
பாட்டில்லாமல் இசைத்தட்டில்லை என்றது கம்பெனி,
ஹெல்சிங்கியிலிருந்து, தினமும் பத்தரை மணிக்கு.

செவ்வாய்க்கிழமை கப்பல் கிளம்பும் காட்சியில்
பதினோரு நொடி போனது.
நான்கு மீட்டர் வயலினைக் கழுத்தில் போட்டுக்கொண்டு
கல்யாண மாப்பிள்ளை மாதிரி நின்றேன்.
வெள்ளிக்கிழமை ஆறு நொடி திரும்பி வந்தது.
எந்த ஆறு என்று எவருக்கும் தெரியவில்லை.
கப்பலுக்கு டிரம் தேவையில்லை என்று
முன்பே சொல்லியிருக்கலாமே என்றான் வெய்க்கோ,
குளியலறைக்கு டைல்ஸ் ஒட்டப் போய்விட்டான்.

கம்பெனிக்காக ஒரே ஒரு பாட்டு பாடினாள்,
குரலுக்கென்று தனி நாடாவில்.
அதில் என் வேலை
மூச்சை வெட்டுவது.
வரிக்கும் வரிக்கும் இடையே அவள் காற்றை இழுக்கும் இடத்தில்
பிளேடால் சாய்வாக ஒரு கீறல்.
மூச்சே வாங்காதவள் என்று
நாடு நம்ப வேண்டும்.
மூன்று ஆல்பங்கள் அப்படித்தான் செய்தேன்.

இரவு பதினொன்றரைக்கு
அவள் காலுறையில் ஏதோ ஒட்டியிருந்தது.
இது எந்தப் பாட்டு?
பாட்டில்லை. நீ மூச்சு இழுத்தது.
கொஞ்ச நேரம் அதைப் பார்த்தாள்.
எத்தனை எறிந்திருக்கிறாய்?
எண்ணியதில்லை என்றேன். உண்மைதான்.

மிஷினில் கோத்து ஓட்டினோம்.
அரை நொடி.
மறுபடி, அரை நொடி.
மாடிப்படி ஏறி வந்தவள் மாதிரி இருக்கிறாள், என்றாள்
வேறு யாரையோ சொல்வதுபோல்.

பிறகு இருவரும் குப்பைக்கூடையைக் கவிழ்த்தோம்.
காப்பித்தூள், சிகரெட் சாம்பல், ஆரஞ்சுத் தோல்,
நடுநடுவே அவள்.
சட்டைக் கையால் துடைத்துத் துடைத்து
பத்தொன்பது துண்டுகள்.
எது தலை எது வால் என்று தெரியாமல் ஒட்டியதில்
சில திரும்பிப்போயின:
இழுத்த மூச்சு
விட்ட மூச்சானது.
இடையிடையே வெற்று நாடா,
அவள் கையை உயர்த்தும்வரை நீளமாய்.
விடிய நாலு மணிக்கு இரண்டு நிமிடம் பத்து நொடி இருந்தது.

காலையில் ரைமோ நான்காம் சுருளைப் போட்டார்.
கப்பலின் அடித்தளத்தில் சமையல்காரன்
உருளைக்கிழங்கு மூட்டைமேல் உட்கார்ந்திருக்கிறான்,
வெளியே பனிக்கட்டி இரும்பில் மோதுகிறது.
படம் முடிந்ததும் காப்பி கேட்டார்.
பால் ஊற்றாதே என்றார்.
பிறகு, கடைசி மூச்சு தலைகீழா?
ஆமாம்.
விடு, இருக்கட்டும்.

அச்சடித்த தட்டுகளில் இருநூறு திரும்பி வந்தன,
ஏ பக்கத்தில் கீறல் சத்தம் என்ற புகாரோடு.
பி பக்கத்தில் கம்பெனியின் பாட்டு
பளபளவென்று, ஓட்டையில்லாமல்.
வானொலியில் அதைத்தான் போட்டார்கள்.

படம் எங்கள் ஊரில் ஒரு வாரம் ஓடியது.
வியாழக்கிழமை ஆட்டத்துக்குத் தொப்பி போட்டுக்கொண்டு வந்தாள்.
ஒன்பது பேர் இருந்தோம்.
நான்காம் சுருளில்
பின்வரிசையில் ஒருவர் மனைவியிடம் கேட்டார்:
யாரது, இப்படி மூச்சு விடுவது?

நாங்கள் இருவரும்
மூச்சு காட்டவில்லை.