இருபது கிராம் ஈயம்

தாழையூத்து எடைமேடையில்
சுண்ணாம்புக்கல் லாரிகளை நிறுத்துச் சீட்டுக் கிழிப்பது
எனக்குப் பகல்.
இரவில்,
தச்சநல்லூர் மாடியறையில்
ஒரு பித்தளைக் குண்டை
அரைக்கால் அங்குலம் நகர்த்த
மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

தூத்துக்குடியில் கப்பல் உடைசல் விற்கிறவனிடம்
எடைக்கு வாங்கிய மோர்ஸ் சாவி இது.
பாதி தானாக ஓடும், பாதி நாம் ஓட்ட வேண்டும்.
கட்டைவிரலால் தள்ளினால்
தண்டு அதிர்ந்து அதிர்ந்து
புள்ளி புள்ளியாகப் பொரியும்,
எண்ணெயில் கடுகு போட்ட மாதிரி.
கோடு மட்டும் ஆள்காட்டி விரலின் பாடு,
ஒவ்வொன்றாக.

போன செவ்வாய் இரவு
தலைமன்னாரிலிருந்து ஒருவர் கூப்பிட்டார்.
பெயர் லெம்பர்ட். புதிதாகப் பழகுகிறவர்.
அவருடைய எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவில்
ஓர் ஆட்டோ திரும்பிவிடலாம்.
நான் கடுகைப் பொரித்தேன்.
கியூ ஆர் எஸ் என்றார்.
மெதுவாக, என்று அர்த்தம்.
மறுபடி பொரித்தேன். மறுபடி கியூ ஆர் எஸ்.
மூன்றாம் முறை
இரைச்சல் மட்டும் இருந்தது.

குண்டைத் தண்டின் நுனிக்கே தள்ளினேன்.
அதற்குமேல் இடமில்லை.
அப்படியும் நிமிடத்துக்கு இருபது சொல்.
தீர்ந்துபோன பேனாவின் குழலை மாட்டித் தண்டை நீட்டினேன்.
கம்மல் திருகாணியை ஒட்டினேன், உறைக்கவேயில்லை.
நூல் சுற்றி ஐந்து ரூபாய் நாணயம் கட்டினேன்:
தள்ளாடி, ஓரத்துச் சக்கரத்தில் இடித்து
இரண்டு புள்ளிக்கு ஒரு விக்கல்.

மாசானம் கல் ஏற்றி வந்தான்.
நாற்பது டன்னை மேடையில் நிறுத்திவிட்டுச்
சன்னலில் குனிந்தவனிடம் கேட்டேன்,
வீல் பேலன்ஸுக்கு அடிக்கிற ஈயம் இருக்கா,
ஒரு இருபது கிராம்?
"எந்த வண்டிக்கு எக்கா?"
வண்டிக்கு இல்லை.
"வண்டியில்லாம என்னத்துக்கு பேலன்ஸு?"
சிரித்துக்கொண்டே டூல்ஸ் பெட்டியைத் துழாவி
கங்கைகொண்டான் டயர்க்கடைத் துண்டொன்றைத் தந்தான்.

ஈயம் ஏறியதும் தண்டு யோசித்து ஆடியது.
வீச்சு அகன்றது. தொடுமுனையை
மயிரிழை பின்னுக்கு இழுத்தேன்.
புள்ளிகள் ஓடும்போது
மல்ட்டிமீட்டர் முள் நடுவில் நின்றால் சரி,
பாதி ஒலி, பாதி மௌனம்.
வலப்பக்கம் சாய்ந்தது. திருகு.
இடப்பக்கம். திருகு.
கீழே ரயில்வே கேட் மூடித் திறந்தது.
நடுவில் நின்றது.

வெள்ளிக்கிழமை லெம்பர்ட் வந்தார்.
என் புள்ளிகள்
குறுக்குத்துறைப் படித்துறையில் இறங்குகிறவர்கள்போல
வழுக்காமல் ஒவ்வொன்றாக இறங்கின.
பெயர் உலகு, என்று அனுப்பினேன்.
பதில் வந்தது:
வணக்கம், ஷிஸ்.

ஷிஸ்?

தாளில் எழுதிப் பார்த்தேன்.
புள்ளிக்கு ஈயம் கட்டியாயிற்று,
விரலுக்கு யார் கட்டியது?
அது பழைய வேகத்திலேயே கோடு போட்டிருக்கிறது.
கோடெல்லாம் புள்ளியளவு குறுகி
யூ எஸ்ஸாகி, எல் எச்சாகி,
ஏ ஐயாகி, ஜி இன்னொரு எஸ்ஸாகி,
கடலுக்கு அந்தப் பக்கம்
குக்கர் விசிலாகப் போய்ச் சேர்ந்திருக்கிறேன்.

ஒரு கோடு, மூன்று புள்ளி.
குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு,
அளபெடைக்கு மூன்று மாத்திரை.
பரீட்சைக்கு எழுதி
முழு மார்க் வாங்கினேன்.

லாரி ஏறி, ஆடி அடங்கி,
எண் நிலைக்கும்வரை சீட்டு அடிக்கக் கூடாது.
அதுவும் தெரியும்.
விரலை வைத்தேன். எடுக்கவில்லை.
இன்னும் எடுக்கவில்லை.
யூ முடியவே
கழுத்து வியர்த்துவிட்டது.
ஐந்து எழுத்தையும் அப்படியே
இறக்கி வைத்தேன்.

அந்தப் பக்கம் அமைதி.
பிறகு நொண்டி நொண்டி ஒரு கேள்விக்குறி.
பிறகு,
ஷிஸ்தான் நன்றாக இருக்கிறது, என்று.
முக்கால் நிமிடம் ஆயிற்று
அதை அவர் சொல்லி முடிக்க.