வரிசை எண் அறுபத்து மூன்று

ஜூலை மாதம். ஜன்னலுக்கு வெளியே லெசோத்தோ மலைகள்
கழுத்துவரை பனிக்குள் நிற்கின்றன.
அறைக்கு ஒரே ஒரு மண்ணெண்ணெய் ஹீட்டர்,
அதுவும் தலைவரின் காலடியில்.
நான் தட்டச்சுக்காரி. பேச இடமில்லை.
திரையில் எண்களை ஏற்றலாம், இறக்கலாம், அவ்வளவுதான்.

முதலில் ஆடுகள்.
செம்மறி இத்தனை, வெள்ளாடு இத்தனை,
சொறிமருந்துத் தொட்டிக்கு எத்தனை லிட்டர்,
எந்த ஊர் மந்தைக்கு எந்தக் கிழமை ஊசி.
ஒரு குட்டிகூட விட்டுப்போகவில்லை.
குறையாகச் சொல்லவில்லை,
கம்பளி விற்ற காசில்தான் நானும் படித்தேன்.

அடுத்து ஜீப்புக்கு நான்கு டயர்.
கூட்டங்களுக்குத் தேநீர், ஸ்கோன்: பதினெட்டாயிரம் மலோட்டி.
கை தூக்கக்கூட நேரமாகவில்லை.

பிறகு வந்தது அறுபத்து மூன்று:
வளரிளம் பெண்கள் நலம், பதினோராயிரத்து ஐந்நூறு.

யாரோ இருமினார்கள்.
"இவர்களுக்கு என்ன நோய்?" என்றார் ந்தாதே மொக்கேத்தி.
கேலியில்லை. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார்.
அவருக்கு மூன்று மகள்கள்.

என் விரல்கள் விசைகளின் மேலேயே நின்றன.
எனக்குத் தெரியும்.
போன மாதம் மேல்பள்ளத்தாக்கு நர்ஸ் லிமாகட்ஸோ
ஊசிப்பெட்டி வாங்க வந்தவர்
என் மேசையோரம் நின்றபடியே சொன்னார்:

என்னிடம் இரண்டு ஏடு இருக்கிறது.
ஒன்று ஐந்து வயதுக்கு உட்பட்டோர்,
மற்றது கர்ப்பிணிகள்.
முதல் ஏட்டிலிருந்து ஓடி இறங்குகிறவள்
வயிற்றைத் தள்ளிக்கொண்டுதான்
அடுத்ததில் ஏறுகிறாள்.
நடுவில் எங்கே இருந்தாய் என்று கேட்க
ஏடு இல்லை.

மோசா என்று ஒருத்தி, வயது பதின்மூன்று.
மூன்றாம் பாடவேளையில் விழுந்தாள்.
போர்வையால் குதிரையோடு சேர்த்துக் கட்டி
உறைந்த ஆற்றைத் தாண்டிக் கொண்டுவந்தார் டீச்சர்.
கீழிமையை இழுத்துப் பார்த்தேன்,
வெள்ளைக் காகிதம்.
எத்தனை நாளாய் என்றேன்.
வாசலில் சீட்டு எழுதும் பையன் இருந்தான்.
அவள் சுவரைப் பார்த்துச் சொன்னாள்:
பதினாறு.
தம்பியின் போர்வையில் ஒரு ஓரத்தைக் கிழித்து வைத்திருந்தாள்.
அதற்கும் வீட்டில் அடி வாங்கியிருந்தாள்.

டப்பாவில் இரும்புச்சத்து மாத்திரை இருந்தது.
எண்ணிக் கொடுத்தவை, கர்ப்பிணிக் கணக்கில்.
அந்த ஏட்டில் பெயர் ஏறாமல் ஒன்றுகூட வெளியே போகாது.
எழுதினேன் அம்மா.
வேறு வழி தெரியவில்லை. எழுதிவிட்டேன்.

அறுபது மாத்திரையோடு அவள் மலையேறினாள்.
குதிரைக்கு முன்னால் ஊர் போய்ச் சேர்ந்தது
சீட்டுப் பையனின் வாய்.

நர்ஸ் அதற்குமேல் சொல்லவில்லை.
பெட்டியை எடுத்துக்கொண்டார்,
ஐஸ் உருகிவிடும் என்றார்.

இங்கே ஹீட்டர் புகைந்தது.
"அடுத்த நிதியாண்டில் பார்ப்போம்" என்றார் தலைவர்.
நிதியாண்டு ஏப்ரலில் பிறக்கும்,
வருஷத்துக்கு ஒரு முறை.
அவர்கள் உடம்பின் கணக்கு வேறு,
அது இருபத்தெட்டு நாளில் முடிந்து
மறுபடி தொடங்கும்.

"டயரில் சேர்த்துவிடு.
அந்த வரிசையை எடுத்துவிடு, பெண்ணே."

எடுத்துவிடுவது சுலபம்.
எலியின் வலது பக்கம் ஒரு சொடுக்கு,
அறுபத்து நான்கு மேலேறி அறுபத்து மூன்றாகிவிடும்.
ஒருவரும் கவனிக்கமாட்டார்கள்.
ஏடுகளில் நடப்பதும் இதுதான்.

தொகையை மட்டும் எடுத்தேன்.
பெயரை விட்டுவைத்தேன்,
எதிரே ஒரு பூஜ்யம்.

இது வீரமில்லை.
ஒரு மாத்திரையைக்கூட இந்தப் பூஜ்யம் மலையேற்றாது.
மோசா பள்ளிக்குத் திரும்பினாளா,
அதுவும் எனக்குத் தெரியாது.

நாற்பது பிரதி அச்செடுத்தேன்.
இயந்திரம் சூடாக இருந்தது,
கொஞ்ச நேரம் அதன்மேல் கையை வைத்திருந்தேன்.
பக்கம் ஏழில், நாற்பது முறை,
அந்தப் பெயர் காலியாக நின்றது.

மாலையில் ந்தாதே மொக்கேத்தி திரும்பி வந்தார்,
தொப்பியை மறந்துவிட்டாராம்.
தொப்பி தலையில்தான் இருந்தது.
என் மேசையருகே தயங்கி
பக்கம் ஏழைப் புரட்டி,
குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்:
"பதினாறு நாள் என்பது...
அது நிறையவா?"

நான் யாரிடமும் சொல்லவில்லையே அந்த எண்ணை.